கடை முன்னால் ஆடும் காற்றுப் பொம்மை: நம்ம மாவட்டக் காற்றுக்குத் தாங்குமா?

கட்டில்கடைத்தம்பி (அழகியமண்டபம்)

எல்லாருக்கும் வணக்கம். ஓணத்துக்கு முன்னால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், அழகியமண்டபம் பக்கம் மெயின் ரோட்டில் பர்னிச்சர் கடை திறக்கிறேன். கட்டில், சோபா, தேக்கு ஊஞ்சல், இவ்வளவுதான். பிளெக்ஸ் போர்டு வைத்தால் பக்கத்துக் கடை போர்டுக்கும் என் போர்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால் கீழே இருந்து காற்றை ஊதினால் கையை ஆட்டிக்கொண்டு வளைந்து நெளிந்து ஆடுமே, அந்தப் பொம்மை ஒன்று செய்து வைக்கலாம் என்று யோசனை. கார் ஷோரூம் வாசல்களில் பார்த்திருப்பீர்கள்.

ரெடிமேடாக வருவதெல்லாம் ஒரே சிவப்பு, ஒரே சிரிப்பு. எனக்கு வேட்டி கட்டி, மீசை வைத்து, நெஞ்சில் கடைப் பெயரோடு வேண்டும். ஆன்லைனில் ஒரு விலை, கோயம்புத்தூரில் கேட்டால் அதற்கு இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டால் "குவாலிட்டி சார்" என்கிறார்கள். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

எத்தனை அடி உயரம் சரி? ஆடிக் காற்றுக்கு நிற்குமா? மழையில் ஓட்டலாமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? வைத்தவர்கள், வாடகைக்கு விடுபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


முப்பந்தல்காத்து (ஆரல்வாய்மொழி)

புளோயருக்கு எதுக்கு மக்கா காசு? எங்க ஊர்ல கொண்டுவந்து கட்டு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ராப்பகலா சும்மாவே ஆடும். என்ன, சாயங்காலம் பொம்மையைத் தேடி வள்ளியூர் வரைக்கும் போகணும்.


பந்தல்சவுண்ட் (மார்த்தாண்டம்)

முப்பந்தல் அண்ணன் கிண்டலுக்குச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பொம்மையை ஆட வைப்பது வெளிக்காற்று இல்லை. வெளிக்காற்று அதன் ஆட்டத்தைக் கெடுக்கும். நான் பந்தல், சீரியல் லைட்டோடு இதையும் வாடகைக்கு விடுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கீழே இருக்கும் புளோயர் காற்றை மேலே தள்ளுகிறது, துணிக் குழாய் நிமிர்கிறது. தலையிலும் கை நுனியிலும் திறப்பு இருப்பதால் காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும். நிமிர்த்தப் போதும், விறைப்பாக நிறுத்தப் போதாது என்கிற அளவில்தான் உள்ளே அழுத்தம். அதனால் எங்காவது ஓரிடத்தில் மடியும். மடிந்த இடத்தில் காற்று அடைபடும், அதற்குக் கீழே அழுத்தம் கூடும், மடிப்பு பட்டென்று விரியும், அடுத்த மடிப்பு வேறிடத்தில் விழும். தண்ணீர் பாயும் ரப்பர் ஹோஸைக் கையிலிருந்து விட்டால் தலையைத் தூக்கிக்கொண்டு அலையுமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். காற்று வீணாகிறதே என்று தலைத் திறப்பைத் தைத்து மூடச் சொல்கிறவர்கள் உண்டு. மூடினால் விறைத்து நிற்கும், ஆடாது.

பக்கவாட்டில் காற்று பலமாக அடித்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடக்கும். மடிப்பு விரியாது, கை இரண்டும் உடம்பைச் சுற்றிக்கொள்ளும், துணி சுவரிலும் கம்பியிலும் உரசும். மணிக்கு 30, 35 கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் நான் இறக்கிவிடுவேன், வாடகைக்கு எடுத்தவர் என்ன சத்தம் போட்டாலும் சரி. கணவாய் வாயில் இருக்கும் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்கு அந்த நாலு மாதமும் ஆர்டரே எடுப்பதில்லை. உங்கள் பக்கம் அவ்வளவு மோசம் இல்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறும், மழைக்கு முன்னால் ஒரு சுழற்று சுழற்றும். அந்த நேரங்களில் ஒருவர் கண் வைத்திருந்தால் போதும்.

உயரம். எல்லாருக்கும் 20 அடிக்குத்தான் ஆசை. பொம்மை எத்தனை அடியோ, அத்தனை அடி தூரத்துக்கு நாலு பக்கமும் கரண்ட் கம்பி, மரக்கிளை, ஓடுகிற ரோடு எதுவும் இருக்கக் கூடாது. விழுந்தால் முழு நீளத்துக்கும் விழும். மெயின் ரோட்டுக் கடை வாசலில் அப்படி 20 அடி யாரிடம் இருக்கிறது? 12 அல்லது 15 அடி போதும். ஒற்றைக் காலே வாங்குங்கள். இரண்டு கால் வைத்தது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு புளோயர் வேண்டும், இரண்டு மோட்டாருக்கும் கரண்ட் கட்ட வேண்டும்.

விலை வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், முக்கால்வாசி புளோயரில்தான். 20 அடிக்கு 18 அங்குல வாய் உள்ள 1 எச்பி புளோயர் வேண்டும். மலிவில் வருவதில் ஸ்டிக்கரில் 1 எச்பி என்றிருக்கும், தூக்கினால் கனமே இருக்காது. காப்பர் வைண்டிங்கா அலுமினிய வைண்டிங்கா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் அலுமினியம்தான். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு மோட்டார் பாடியைத் தொட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கிய ஒரு புளோயர் எனக்குக் கிறிஸ்துமஸ் சீசன் நடுவில் கப்பாசிட்டர் வீங்கி நின்றுபோனது. வாரண்டி கேட்டால் "மழையில் நனைந்திருக்கிறது" என்று ஒரே பதில். டிசம்பரில் நாகர்கோவிலில் மழையில் நனையாத பொருள் எது?

கரண்ட். 1 எச்பி என்றால் 746 வாட். மோட்டாரின் நஷ்டத்தையும் சேர்த்தால் மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 10 மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 300 யூனிட். கடைக்கு வணிக இணைப்பு, வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் சலுகை இதில் கிடையாது. 12 அடிக்கு அரை எச்பி போதும், பில்லும் பாதியாகும்.


கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்)

எல்லாம் சரி. இதைப் பார்த்துவிட்டுக் கட்டில் வாங்க ஒருத்தர் உள்ளே வருவாரா? எங்கள் தெருவில் ஒரு கடையில் வைத்தார்கள். முதல் வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அடுத்த மாதம் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மோட்டார் சத்தம் மட்டும் காலையில் இருந்து ராத்திரி வரை எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.


பந்தல்சவுண்ட் (மார்த்தாண்டம்)

@கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொல்வது நியாயம்தான். நடந்து போகிறவர்கள் உள்ள தெருவுக்கு இது வேண்டாம். வண்டியில் போகிறவன் பார்வையில் இரண்டு மூன்று நொடி விழ வேண்டிய இடத்துக்குத்தான் இது. எங்கள் மார்த்தாண்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 கடைசியில் மேம்பாலம் திறந்த பிறகு திருவனந்தபுரம் போகிற வண்டி எல்லாம் மேலே போய்விட்டது. கீழே கடை வைத்திருப்பவர் என்ன போர்டு வைத்தாலும் பாலத்துத் தூண்தான் முன்னால் நிற்கும். அங்கே அசைகிற பொருள் ஒன்று இருந்தால் கண் போகும். நிலையாக இருப்பதைக் கண் சீக்கிரம் ஒதுக்கிவிடும்.

தினமும் ஆட விட்டால் இதையும் ஒதுக்கிவிடும். அதனால்தான் சொந்தமாக வாங்கினாலும் சனி, ஞாயிறு, சீசன் நாள் மட்டும் ஏற்றுங்கள் என்கிறேன். மற்ற நாளில் மடித்து உள்ளே வையுங்கள். துணிக்கும் ஆயுசு கூடும், உங்கள் தெருக்காரர்களுக்கும் நிம்மதி.


தையல்அக்கா (கோட்டாறு)

தம்பி மீசையைப் பற்றிக் கேட்கிறார், அண்ணன் மோட்டாரைப் பற்றிச் சொல்கிறார். தையலைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே!

நான் திருவிழாக் கொடி, முத்துக்குடை, பை எல்லாம் தைக்கிறவள். சவேரியார் கோயில் திருவிழா நேரத்தில் ஒரு கடைக்காரர் கிழிந்த பொம்மை ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். புதிதாக வாங்கியதாம். மேசையில் விரித்துப் பார்த்தேன். அக்குளில், கை வந்து உடம்போடு சேருகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. துணி கிழியவில்லை, தையல் விட்டிருந்தது. ஒற்றை ஓட்டம், அதுவும் சாதாரணப் பருத்தி நூல். ஓரத்தை மடிக்காமல் வெட்டின வாக்கிலேயே தைத்திருந்ததால் துணியின் நூல் இழை இழையாகப் பிரிந்து தையலை விட்டு நழுவி வந்திருந்தது. தொட்டால் விரலோடு வந்தது. கால் பக்கம், புளோயர் வாயில் மாட்டுகிற இடத்தில், வேறு துணி கொடுத்துத் தடிமன் பண்ணவே இல்லை. இரும்பு விளிம்பு உரசி உரசி அங்கே வட்டமாகத் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது.

இந்தப் பொம்மை ஓயாமல் மடிந்து விரிகிறது. முழு அடியும் வாங்குவது அக்குளும் இடுப்பும்தான். இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மேலே இரட்டைத் தையல், பாலியஸ்டர் நூல். அக்குளில் உள்பக்கம் நைலான் நாடா ஓட்ட வேண்டும். கால் வளையத்துக்குக் கனமான துணியில் ஒரு கை அகலப் பட்டி. இவ்வளவையும் கேட்டு வாங்குங்கள். "செய்வோம் சார்" என்றால் விடாதீர்கள், தைத்த துண்டு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

துணி பாராசூட் துணி, அதிலும் ரிப்ஸ்டாப் நைலான். வெளிச்சத்தில் பிடித்தால் கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடுவது தெரியும். எங்காவது கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடும். சதுர மீட்டருக்கு 50 கிராம் பக்கம் இருந்தால் நல்லது. கனம் கூடினால் புளோயர் தூக்காது, தூக்கினாலும் சோம்பி ஆடும். சிலர் பேனர் அடிக்கிற பிளெக்ஸ் துண்டை முகத்துக்கு ஒட்டித் தருகிறார்கள். தலை கனத்து எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும்.

இனி உங்கள் வேட்டிக்கு வருவோம். தனி வேட்டியாகத் தைத்துச் சுற்றாதீர்கள், அது காற்றில் பிரிந்து புளோயர் வாய்க்குள்ளேயே போகும். இடுப்புக்குக் கீழே உடம்புத் துணியையே வெள்ளையாக வைத்து, ஓரத்தில் பொன் மஞ்சளில் ஒரு பட்டை கொடுத்தால் ஓணத்துக்கு அதுவே கசவு வேட்டி. மீசையைக் கறுப்புத் துணியில் வெட்டி முகத்தில் ஒட்டுத்தையலாகத் தைக்க வேண்டும். பெயின்ட் அடித்தால் மடிகிற இடத்தில் உதிரும். சிவப்பு நிறம் நம்ம வெயிலில் சீக்கிரம் வெளிறும். நீலமும் பச்சையும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

பெயரை நெஞ்சில் போட வேண்டாம். நெஞ்சுதான் அடிக்கடி மடிகிற இடம், யாரும் வாசிக்க முடியாது. காலுக்கு மேலே, கீழ்ப் பகுதியில் போடுங்கள். அழுத்தம் அங்கேதான் அதிகம், அதனால் அந்த இடம் பெரும்பாலும் நிமிர்ந்தே இருக்கும். எழுத்தை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் கொம்பையும் காலையும் எழுத்தை விட்டுப் பிரிக்கக் கூடாது, அவர்கள் கம்ப்யூட்டரில் பிரித்து அடுக்கிவிடுவார்கள். புள்ளியைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், இல்லை என்றால் தூரத்தில் இருந்து "கட்டில்" என்பது "கடடில" என்றுதான் தெரியும். நாலைந்து எழுத்துக்கு மேல் வேண்டாம். போன் நம்பர் போடவே போடாதீர்கள். ஆடுகிற ஆளிடம் நம்பர் வாங்க யாரும் நிற்கப் போவதில்லை.


கட்டில்கடைத்தம்பி (அழகியமண்டபம்)

அக்கா, கும்பிடுதேன். இதை ஒரு கம்பெனிக்காரன்கூடச் சொல்லவில்லை. நீங்களே தைத்துத் தருவீர்களா? புளோயரை மட்டும் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.


தையல்அக்கா (கோட்டாறு)

தைக்கலாம். ஆனால் புளோயர் வாயின் சுற்றளவு கையில் வராமல் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். முதலில் அதை வாங்குங்கள். நூலையும் நாடாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன், துணி வெளியில் இருந்து வரவழைக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.


மலையாளத்துமருமகன் (களியக்காவிளை)

ஓணத்துக்குத்தானே? மீசைக்காரருக்குப் பதில் மாவேலியையே, அதாவது மகாபலி ராஜாவையே, வைத்துவிடுங்கள். குடவயிறு, ஓலைக்குடை. பார்டர் தாண்டி வருகிற கஸ்டமர் எல்லாம் உங்கள் கடைக்குத்தான்.


பந்தல்சவுண்ட் (மார்த்தாண்டம்)

குடவயிறு இந்தப் பொம்மைக்கு ஒத்துவராது. குழாய் நடுவில் அகலமானால் காற்றின் வேகம் அங்கே குறைந்து, மேலே உள்ள பாதி உடம்பு எழும்பாது. ஓலைக்குடையைப் பிடிக்கக் கையில் எலும்பும் கிடையாது. வயிறு வேண்டும் என்றால் ஆடாமல் நிற்கிற, எல்லாப் பக்கமும் மூடிய பலூன் பொம்மை வகைக்குப் போக வேண்டும், அது வேறு கணக்கு.


கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்)

அதோடு, அஞ்சு நொடிக்கு ஒருமுறை மாவேலியைக் குப்புற விழ வைத்துவிட்டு மலையாளிக்குக் கட்டில் விற்கப் போகிறீர்களா? சாமி, ராஜா, தலைவர் முகம் எதையும் இதில் வைக்காதீர்கள். விழுந்து எழுகிற வேலை சாதாரண ஆளுக்கே இருக்கட்டும். மீசைக்காரர் போதும்.


புத்தகப்புழு (திருவட்டாறு)

கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொம்மை பிறந்தது கார் ஷோரூமில் இல்லை, ஒலிம்பிக்கில். டிரினிடாட் நாட்டில் கார்னிவல் திருவிழாவுக்குப் பிரமாண்டமான ஆட்ட உருவங்கள் செய்கிற பீட்டர் மின்ஷல் என்ற கலைஞர், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக யோசித்தது இது. காற்றடைத்த வடிவங்கள் செய்து பழக்கமான இஸ்ரேலியக் கலைஞர் டோரோன் காஸிட் அதைச் செய்து முடிக்க உதவினார். மின்ஷல் வைத்த பெயர் 'டால் பாய்'. பிறகு காஸிட் வேறொருவரோடு சேர்ந்து அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார், 2001இல் அது கிடைத்தது. கார்னிவல் ஆட்டக்காரரின் உடம்பசைவைப் பார்த்துச் செய்த பொருள், கடைசியில் பழைய கார் விற்கிற இடத்தில் போய் நின்றது. எனக்கு அதில் வருத்தம்தான்.

இன்னொன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் 2008இல் இதற்குத் தடை போட்டார்கள். ஊரின் பார்வையைக் கெடுக்கிறது என்று காரணம். நாம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை, ஆனால் நாகர்கோவில் கோர்ட் ரோட்டில் வரிசையாகப் பத்துக் கடை வைத்தால் நானே மனு கொடுப்பேன்.


வயக்காட்டான் (பூதப்பாண்டி)

சந்தடி சாக்கில் ஒரு கேள்வி. நெல் பால் பிடிக்கிற சமயம் கிளி கூட்டமாக இறங்குகிறது. இந்தப் பொம்மையை வயலில் வைத்தால் போகுமா?


புத்தகப்புழு (திருவட்டாறு)

வெளிநாட்டில் பழத்தோட்டங்களில் வைக்கிறார்கள், சோளக்கொல்லை பொம்மைக்குப் பதில் இதுவே. ஆனால் ஒரே இடத்தில் ஓயாமல் ஆடினால் பறவை பழகிவிடும். விட்டு விட்டு ஓட வேண்டும், இடத்தை மாற்ற வேண்டும்.


வயக்காட்டான் (பூதப்பாண்டி)

வயல் நடுவில் கரண்டுக்கு எங்கே போக? சரி, தகர டப்பாவே போதும்.


வக்கீல்ஆபீஸ் (பத்மநாபபுரம்)

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்வி, பொம்மை நிற்கிற இடம் யாருடையது? உங்கள் பட்டா இடத்துக்குள் என்றால் தலைவலி பாதி குறையும். கடை வாசல் என்று நாம் நினைக்கிற இடம் பெரும்பாலும் ரோட்டுப் புறம்போக்காக இருக்கும். உங்கள் முன்னால் போவது தேசிய நெடுஞ்சாலை 66, பழைய 47. நெடுஞ்சாலை இடத்தில் ஒரு கல் வைத்தாலும் எடுக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கட்டடம் கட்டினபோது போட்ட வரைபடத்தை எடுத்து, எல்லைக் கல்லில் இருந்து அளந்து பாருங்கள்.

விளம்பரம் என்று வந்துவிட்டால் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ரோட்டு நடுவில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் பொறியாளர் லாரியில் அடிபட்டு இறந்த பிறகு, ரோட்டோரம் ஆடுகிற எதையும் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளவும் கூடாது. உங்கள் பொம்மையின் கை பைக்கில் போகிற ஒருவர் முகத்தில் பட்டால் கேஸ் உங்கள் மேல்தான். வளைவு, ஜங்ஷன், சிக்னல் பக்கம் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை வெளியூர்க் கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான். நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறை வழியாகத் திருவனந்தபுரம் எழுந்தருளும்போது யானையும் கூட வரும். பொம்மை திடீரென்று எழும்பிக் கையை வீசினால் யானை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஊர்வலம் போய்த் திரும்புகிற இரண்டு நாளும் துணியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, எவனாவது போட்டுவிடுவான்.


கட்டில்கடைத்தம்பி (அழகியமண்டபம்)

இந்த யானை விஷயம் சத்தியமாக மனதில் வரவே இல்லை சார். நன்றி.


வலைவாசி (குளச்சல்)

மழை, உப்புக்காற்று பற்றி யாரும் சொல்லவில்லை. கடற்கரையில் என் மீன் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் இதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். துணிக்கு ஒன்றும் ஆகாது, நனைந்தால் கொஞ்சம் சோர்ந்து ஆடும், காய்ந்தால் சரியாகும். போவது புளோயர். முதலில் வாயில் இருக்கும் கம்பி வலை துருப்பிடிக்கும், அப்புறம் ஸ்க்ரூ, அப்புறம் பேரிங் கிறீச் என்று கத்த ஆரம்பிக்கும். ராத்திரி மூடும்போது ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மாதம் ஒருமுறை ஸ்க்ரூவுக்கும் டெர்மினலுக்கும் கிரீஸ் தடவுவேன். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவாக மாற்றிவிட்டேன். துணியை ஈரத்தோடு மடித்து வைத்தால் கறுப்புப் புள்ளி விழுந்து நாற்றம் எடுக்கும். மழை நாளில் மடிக்காமல் கடைக்குள் கொடியில் போட்டுவிடுங்கள்.

அழகியமண்டபத்தில் உப்பு இல்லை, ஆனால் தூசி உண்டு. கேரளத்துக்கு ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிப் போகிற லாரி எத்தனை! புளோயர் தரையோடு இருந்தால் அந்தத் தூசி முழுவதையும் உறிஞ்சி வெள்ளை வேட்டிக்குள் தள்ளும். உள்ளே படிந்த அழுக்கு வெளியே இருந்து துவைத்தால் போகாது. இரண்டடி உயரத்துக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு அடித்து அதன் மேல் போல்ட் போட்டு நிறுத்துங்கள்.


பந்தல்சவுண்ட் (மார்த்தாண்டம்)

குளச்சல் அண்ணன் சொன்ன ஸ்டாண்டு கட்டாயம். அதன் காலில் நாலு மணல் மூட்டை போடுங்கள். மழையில் ஓட்டலாமா என்றால், தூறலில் ஓட்டலாம், மழையில் வேண்டாம். எர்த் இல்லாத பிளக்கில் ஒருநாளும் ஓட்டாதீர்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று அந்த லைனுக்குத் தனியாகப் போடுங்கள். இரும்பு ஸ்டாண்டு, ஈரத்தரை, தொட வருகிற குழந்தை, மூன்றும் ஒரே இடத்தில் இருக்கப் போகிறது. கேபிள் மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர் போதும், கடைக்குள் இருந்து தூரமாக இழுத்தால் 2.5. நடுவில் டேப் சுற்றின ஜாயின்ட் இருக்கக் கூடாது.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த மோட்டார் உறுமும், சூடாகும், சீக்கிரம் போகும். ஜெனரேட்டர் என்றால் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும், அதைத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரம் மீசைக்காரருக்கும் ஓய்வு கொடுங்கள்.


முப்பந்தல்காத்து (ஆரல்வாய்மொழி)

மொட்டை மாடியில் வைத்தால் என்ன? தூரத்துல இருந்தே தெரியுமே.


பந்தல்சவுண்ட் (மார்த்தாண்டம்)

தெரியும். காற்றும் அங்கே கூடுதல், கைப்பிடிச் சுவர் விளிம்பில் துணி உரசும், கழன்றால் நேரே ரோட்டில் வந்து விழும். சுற்றிலும் காலி இடம் உள்ள கட்டடம் என்றால் யோசிக்கலாம். ரோட்டை ஒட்டின கடைக்கு நான் வைத்துக் கொடுக்க மாட்டேன்.


கட்டில்கடைத்தம்பி (அழகியமண்டபம்)

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு வரைபடத்தை எடுத்து அளந்தேன். எல்லைக் கல்லில் இருந்து கடைச் சுவர் வரை உள்ள இடத்தில் 15 அடிப் பொம்மை விழுந்தால் கை ரோட்டுக்குப் போகும். அதனால் 12 அடிதான். அரை எச்பி புளோயர், காப்பர் வைண்டிங், நேரில் போய் ஓட்டிப் பார்த்து வாங்குகிறேன். துணி அக்காவிடம். வெள்ளை, பொன் பட்டை, மீசை, காலுக்கு மேலே "கட்டில்" என்று மட்டும். கடைப் பெயர் போர்டில் இருக்கட்டும். சனி, ஞாயிறும் ஓணத்துக்கு முந்தின பத்து நாளும் ஓட்டுவேன். உள்ளாட்சி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கிறிஸ்துமஸுக்கு இதே உடம்பில் தாத்தா தலையை மாற்ற முடியுமா, அக்கா?


தையல்அக்கா (கோட்டாறு)

கழுத்தில் வெல்க்ரோ பட்டி வைத்தால் மாற்றலாம். ஆனால் கழுத்தும் மடிகிற இடம், வெல்க்ரோ மட்டும் நிற்காது, உள்பக்கம் நாலு இடத்தில் நாடா முடிச்சும் வேண்டும். தாடிக்குப் பஞ்சு வைக்கச் சொல்லாதீர்கள், நனைந்தால் தலை எழும்பாது. வெள்ளைத் துணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தொங்கவிடுகிறேன், ஆடும்போது அதுவும் பறக்கும். உடம்பு மட்டும் வேட்டியோடேதான் இருக்கும், பரவாயில்லையா?


கட்டில்கடைத்தம்பி (அழகியமண்டபம்)

வேட்டி கட்டின கிறிஸ்துமஸ் தாத்தாவா? அதைப் பார்க்கவே நாலு பேர் வண்டியை நிறுத்துவார்கள் அக்கா. தைத்துவிடுங்கள்.


வக்கீல்ஆபீஸ் (பத்மநாபபுரம்)

வண்டியை ரோட்டில் நிறுத்தாமல் இருக்கப் பார்க்கிங்குக்கு இடம் விட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துக் கேட்பார்கள்.